விழாவுக்கா, யூடியூபுக்கா? குறும்படம் எழுதும்போதே கேட்க வேண்டிய கேள்வி

குறும்படம் எடுத்த எல்லோரும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். எடிட் முடிந்து, வண்ணத் திருத்தம் முடிந்து, ஒலிக்கலவையும் ஒருவழியாக முடிந்து, படம் ஹார்டு டிஸ்கில் கிடக்கும்போது. "விழாக்களுக்கு அனுப்பலாமா, நேராக யூடியூபில் போட்டுவிடலாமா?" கேள்வி சரிதான், கேட்கும் நேரம்தான் பிந்திவிட்டது. படத்தின் நீளம், அது தொடங்கும் விதம், முடியும் இடம் எல்லாம் சேர்ந்து அதற்குள் பாதி பதிலைச் சொல்லியிருக்கும்.

என் முதல் படம் 19 நிமிடம். சில விழாக்களுக்கு ஸ்கிரீனர் லிங்க் (தேர்வுக் குழு மட்டும் பார்க்கும் இணைப்பு) அனுப்பிவிட்டு, யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கைத் தினமும் திறந்து பார்ப்பேன். ஒரு விழாவிலிருந்து ஒரே ஒரு முறை படம் ஓடியிருந்தது. நான்காவது நிமிடத்தில் நின்றிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அப்புறம் அந்த நான்கு நிமிடத்தை நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் தூங்கி எழுகிறார், முகம் கழுவுகிறார், சட்டை மாட்டுகிறார், பேருந்துக்கு நிற்கிறார். கதை ஏழாவது நிமிடத்தில் தொடங்கியது. விழாவுக்கு நீளம் அதிகம், யூடியூபுக்கு வேகம் போதாது என்று இரண்டு பக்கமும் ஒட்டாத படம். அதனால் இந்த இரண்டு வழிகளையும் எழுதுகிறவன் மேசையிலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு வழிகளிலும் நன்றாகப் போய்ச் சேர்ந்தவர்களைப் பார்ப்போம். அமெரிக்க இயக்குநர் டேமியன் சசெல் 'விப்லாஷ்' முழுநீளத் திரைக்கதையை முதலில் எழுதி முடித்தார். டிரம்ஸ் வாசிக்கும் மாணவனின் கதைக்குப் பணம் போட ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. அதனால் திரைக்கதையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிய்த்து 18 நிமிடக் குறும்படமாக எடுத்தார்கள். அது 2013இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் குறும்பட நடுவர் விருது வாங்கியது. அடுத்த ஆண்டே முழுநீளப் படம் அதே விழாவில் திரையிடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குறும்படம் முன்பே வெளிவந்துவிட்டதால், தன் மனதிலிருந்தே எழுதிய கதையை ஆஸ்கர் அமைப்பு 'தழுவல் திரைக்கதை' பிரிவில் சேர்த்துவிட்டது.

அதே 2013இல் சுவீடனில் டேவிட் எஃப். சாண்ட்பெர்க் 'லைட்ஸ் அவுட்' எடுத்தார். மூன்று நிமிடம்கூட இல்லை. சொந்த வீடுதான் லொக்கேஷன், மனைவி லோட்டா லோஸ்டென்தான் நடிகை. ஒரு திகில் குறும்படப் போட்டிக்காக எடுத்த படம் இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவி, 2016இல் அவரே இயக்கிய முழுநீளப் படமானது. அதற்கும் முன்னால், 2009இல், உருகுவேயின் ஃபெடே அல்வாரெஸ் சுமார் ஐந்து நிமிடத்தில் ஒரு ரோபோ படையெடுப்பை யூடியூபில் ஏற்றினார். செலவு சுமார் 300 டாலர் என்றார்கள். சில நாட்களிலேயே ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. 2013இல் 'ஈவில் டெட்' மறு ஆக்கத்தை இயக்கியவர் அவர்தான்.

இவர்கள் எல்லாம் லாட்டரி அடித்தவர்கள், அதை மறக்க வேண்டாம். ஆனாலும் சீட்டு வாங்கிய கடை வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். 'லைட்ஸ் அவுட்' விதி சில நொடிகளில் புரிந்துவிடும்: விளக்கு எரிந்தால் யாரும் இல்லை, அணைத்தால் யாரோ நிற்கிறார்கள். வசனமே தேவையில்லை, எந்த மொழிக்காரருக்கும் புரியும், சின்னத் திரையிலும் வேலை செய்யும். சசெலின் குறும்படம் அப்படியில்லை. ஓர் ஒத்திகை அறை, ஓர் ஆசிரியர், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் அழுத்தம். ஆசிரியராக நடித்த ஜே.கே. சிம்மன்ஸின் முகம் மாறுவதை இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கைபேசியில் மூன்றாவது நிமிடம் ஒரு குறுஞ்செய்தி வந்தால் அந்த அழுத்தம் அறுந்துபோகும்.

அடுத்தது நீளம். விழாக்களின் விதிப்புத்தகத்தைத் திறந்தால் தாராளமாகத்தான் இருக்கும். ஆஸ்கர் கணக்கில் டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம். பெர்லின் 30, சன்டான்ஸ் 50க்குள். கான் விழாவின் போட்டிப் பிரிவுதான் கறார், 15 நிமிடம். இந்த எண்களைப் பார்த்துவிட்டு "என் 28 நிமிடப் படம் தகுதியானதுதான்" என்று நிம்மதி அடைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. குறும்படங்களைத் தொகுத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் காட்சியாகத்தான் போடுகிறார்கள். 28 நிமிடப் படம் ஒன்றை எடுத்தால் ஒன்பது நிமிடப் படங்கள் மூன்றைக் கைவிட வேண்டும். ஆக, தேர்வுக் குழு உங்கள் படம் நல்ல படமா என்று மட்டும் பார்ப்பதில்லை. மூன்று நல்ல படங்களைத் தள்ளிவிடும் அளவுக்கு நல்ல படமா என்று பார்க்கிறது. பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது என்பது என் கணக்கு.

பக்கம் என்றதும் இன்னொன்று. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற வாய்ப்பாட்டை நம்பி மோசம் போவது குறும்படத்தில்தான் அதிகம். வசனம் நிறைந்த பக்கம் முக்கால் நிமிடத்தில் பறந்துவிடும். "அவன் வீடு முழுக்கத் தேடுகிறான்" என்ற ஒற்றை வரி இரண்டு நிமிடம் தின்னும். பேச்சில்லாத பத்துப் பக்கம் எழுதியவருக்குக் கையில் வருவது பதினான்கு நிமிடப் படம்.

இணையத்தில் நீளத்துக்கு வரம்பு இல்லை, விலகுவதற்கும் தடை இல்லை. எந்த நொடியில் எத்தனை பேர் கிளம்பிப் போனார்கள் என்று யூடியூப் ஒரு கோடு போட்டுக் காட்டும். அதைவிடக் கொடூரமான திரைக்கதை ஆசிரியரை நான் பார்த்ததில்லை. முதல் அரை நிமிடத்தில் கோடு சரியும் சரிவைப் பார்த்தால், அடுத்த படத்தில் சூரிய உதய ஷாட் வைக்க மனசு வராது.

தொடக்கத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பல வருடம் பேசாத அண்ணனும் தம்பியும் மருத்துவமனை லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. யூடியூபுக்கு எழுதினால் நான் லிஃப்ட் நின்ற பிறகு தொடங்குவேன். விளக்கு சிமிட்டுகிறது, இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பார்க்கிறார்கள். முதல் வசனம்: "நீ உள்ள இருக்கன்னு தெரிஞ்சிருந்தா நான் படியில போயிருப்பேன்." உறவு, பகை, இடம் மூன்றும் பத்து நொடியில் வந்துவிட்டன. முடிவில் கதவு திறக்க வேண்டும். திறந்ததும் பார்ப்பவருக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருத்துப் பகுதியில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று திட்டுவார்கள்.

அரங்குக்கு எழுதினால் லிஃப்ட் நிற்கும் முன்பே தொடங்கலாம். அண்ணன் உள்ளே இருக்கிறார். மூடப்போகும் கதவில் ஒரு கை நுழைகிறது, தம்பி. இருவரும் மேலே மாறும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு முப்பது நொடி நிற்கிறார்கள், ஒரு வார்த்தை இல்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த முப்பது நொடியில் தாங்களே கதை கட்டத் தொடங்குவார்கள். இவர்கள் யார், ஏன் முகம் பார்க்கவில்லை? எண் ஓடுவது நிற்கும்போது அரங்கமே மூச்சைப் பிடிக்கும். முடிவில் கதவு திறக்கும் சத்தத்தோடு கறுப்புத் திரை போட்டுவிடலாம். வெளியே வந்தும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்த பொறி. விழாப் படம் என்றால் மெதுவாகப் போகலாம் என்று நினைத்துவிடுகிறோம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகமாட்டார், உண்மைதான். ஆனால் உங்கள் படம் அரங்குக்குப் போகும் முன், ராத்திரி பதினொரு மணிக்கு மடிக்கணினியில் அன்றைய நாற்பதாவது படமாக அதைப் பார்க்கும் ஒருவரைத் தாண்ட வேண்டும். மெதுவாகப் போவது வேறு, எதுவும் நடக்காமல் இருப்பது வேறு. லிஃப்டின் முப்பது நொடியில் ஒவ்வொரு நொடியும் ஏதோ நடக்கிறது. என் கதாநாயகர் முகம் கழுவியபோது தண்ணீர் மட்டும்தான் ஓடியது.

எத்தனை படங்களைத் தாண்ட வேண்டும்? 2024 சன்டான்ஸ் விழாவுக்கு 12,098 குறும்படங்கள் வந்தன, தேர்வானவை 53. ஆயிரத்துக்கு ஐந்துகூட இல்லை. குறுவட்டை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிய காலம் போய், ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்களில் நாலு சொடுக்கில் பத்து விழாக்களுக்கு அனுப்பிவிடலாம். நமக்கு எளிது என்றால் எல்லோருக்கும் எளிது. ஒவ்வொரு சொடுக்குக்கும் கட்டணம் வேறு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும். முதல் கெடுவுக்குள் அனுப்பினால் கட்டணமும் குறைவு, பட்டியலில் இடமும் நிறைய காலியாக இருக்கும். கட்டணச் சலுகை கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுவதில் வெட்கமே தேவையில்லை.

மாதாமாதம் விருது கொடுக்கும் 'சர்வதேச' விழாக்கள் என்றொரு ரகம் இருக்கிறது. திரையிடல் கிடையாது, அரங்கம் கிடையாது, பார்வையாளர் கிடையாது, போஸ்டரில் ஒட்ட ஓர் இலை வளையம் மட்டும் வரும். போன வருடத்து நிகழ்ச்சி நிரலும் கூட்டத்தின் புகைப்படமும் இணையதளத்தில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகளும் ஒன்றையொன்று அடைக்கும் இடம் பிரீமியர் விதி, அதாவது படம் அதற்கு முன் வேறெங்கும் வெளியாகியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை. கான் போன்ற விழாக்கள் இணையத்தில் வந்த குறும்படத்தைத் தொடாது. ஆஸ்கர் கனவு இருந்தால், தகுதி பெறும் முன் பொதுவெளியில் ஏற்றுவது கதவைச் சாத்திவிடும். மறுபுறம் சன்டான்ஸ் குறும்படங்களுக்கு பிரீமியர் கேட்பதில்லை, இணையத்தில் இருக்கும் படத்தையும் ஏற்கிறது. எனவே 'போட்டால் போச்சு' என்று எல்லோரும் பயமுறுத்துவதில் பாதிதான் உண்மை. நீங்கள் குறிவைக்கும் ஐந்தாறு விழாக்களின் விதியை மட்டும் படித்தால் போதும். வரிசை மட்டும் முக்கியம்: விழாவிலிருந்து இணையத்துக்கு எப்போதும் போகலாம், திரும்பி வரும் பாதை குறுகலானது.

பாட்டு உரிமத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். விழாவுக்கு மட்டும் என்று மலிவாக வாங்கிய உரிமம் யூடியூபில் செல்லாது, அங்கே தானியங்கி முறை பாட்டை உடனே கண்டுபிடித்துவிடும். ஒலியும் அப்படித்தான். அரங்கில் நெஞ்சை அதிரவைத்த அடிநாத உறுமல் கைபேசி ஒலிபெருக்கியில் வெறும் மௌனம். கதையின் திருப்பமே அந்த உறுமலில் இருந்தால் பேச்சே இல்லை.

கைக்கு வருவது என்ன? யூடியூபில் எண்ணிக்கை வரும், சில சமயம் பெரிய எண்ணிக்கை. 'டஸ்ட்', 'ஆல்டர்' மாதிரி ஒரு வகையை மட்டும் போடும் சேனல்கள் எடுத்துக்கொண்டால் அறிவியல் புனைவுக்கும் திகிலுக்கும் பார்வையாளர்கள் காத்திருக்கிறார்கள். விழாவில் மனிதர்கள் கிடைப்பார்கள். பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் குறும்பட விழாவில் 1986 முதல் குறும்படங்களுக்கென்றே தனிச் சந்தை நடக்கிறது. தொலைக்காட்சிகளும் விநியோகஸ்தர்களும் அங்கே வந்து படம் வாங்குகிறார்கள். அவ்வளவு பெரிய இடம்கூட வேண்டாம். நாற்பது பேர் உட்கார்ந்த ஒரு சின்ன அரங்கில், நான் சிரிப்புக்கென்று எழுதாத வசனத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். யூடியூபின் எந்தக் கோடும் அதை எனக்குச் சொல்லியிருக்காது. அங்கே பக்கத்து இருக்கையில் இருந்த ஒளிப்பதிவாளர்தான் என் அடுத்த படத்துக்கு வேலை செய்தார்.

என் தீர்ப்பு ஒருதலைப்பட்சமானதுதான். ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் திகில், நகைச்சுவை, ஒற்றைத் திருப்பக் கதை என்றால் விழாவுக்காக ஒன்றரை வருடம் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், சூடு ஆறுமுன் இணையத்தில் போடுங்கள். நடிப்பிலும் மௌனத்திலும் நிற்கிற பத்துப் பன்னிரண்டு நிமிடப் படம் என்றால் பொறுக்கி எடுத்த விழாக்கள், ஒரு வருடம், அதன் பிறகு இணையம். 25 நிமிடப் படம் கையில் இருந்தால் முதலில் எடிட்டரிடம் திரும்பிப் போங்கள்.

இப்போதெல்லாம் திரைக்கதையின் முதல் பக்கத்தில், தலைப்புக்கும் மேலே, பென்சிலால் ஒரு சொல் எழுதி வைக்கிறேன். 'அரங்கம்' அல்லது 'கைபேசி'. லிஃப்ட் கதைக்கு அந்தச் சொல்லை இரண்டு தடவை அழித்து மாற்றியாகிவிட்டது. ஐந்தாம் பக்கத்தில் நிற்கிறது, கதவு இன்னும் திறக்கவில்லை.