மீன் பையில் தண்ணீர் நீலமாக இருந்தால் வாங்காதீர்கள்

எட்டு நியான் டெட்ரா வாங்கினேன். இரண்டுதான் மிச்சம். அதைவிடப் பெரிய வருத்தம், இரண்டு வருடமாக என் தொட்டியில் வளர்ந்த ஹனி குராமி ஜோடியும் போய்விட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாலே மேலே வந்து விரலைத் தொட்டுப் பார்க்கும் மீன்கள் அவை. மீன் வளர்க்கிற வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் அந்தத் தொட்டியின் மேல் 'புதுவரவு' என்று எழுதி ஒட்டியிருந்தது. மீன்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பிடித்துப் பையில் போட்டபோது தண்ணீர் லேசான நீல நிறத்தில் இருந்ததைக் கவனித்தேன். "ஏன் தண்ணி இப்படி இருக்கு?" என்று கேட்டேன். "வைட்டமின் சார், மீன் நல்லா கலர் எடுக்கும்" என்றார் கடைக்காரர். தனித் தொட்டியில் சில நாள் வைக்க வேண்டுமா என்றும் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் சார், பையோட கொஞ்ச நேரம் மிதக்க விட்டு அப்படியே ஊத்திடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். நம்பினேன். அவர் சொன்னபடியே செய்தேன்.

மூன்றாம் நாள் ஒரு நியான் மரக்கட்டையில் உடம்பை உரசிக்கொண்டு போனது. நான்காம் நாள் காலை விளக்கைப் போட்டதும் அதன் வால் துடுப்பில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, தூள் உப்பு ஒட்டியது போல. மாலைக்குள் மற்ற மீன்களுக்கும் வந்துவிட்டது. குராமிகள் மேல்மட்டத்தில் நின்று வேகமாகச் செவுளை அசைத்துக்கொண்டிருந்தன. வெள்ளைப்புள்ளி நோய்.

திரும்பக் கடைக்குப் போனேன். "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல சார்" என்றார். வீட்டில் டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, வெப்பம் 26 டிகிரி. எல்லாமே சரியான அளவுதான். அதைச் சொன்னதும், "மீன்னா சாகத்தான் செய்யும்" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அதே 'புதுவரவு' தொட்டி. இப்போது அதில் தண்ணீர் கருநீலமாக இருந்தது. மெத்திலீன் ப்ளூ போன்ற நோய் மருந்து போட்டால் தண்ணீர் அந்த நிறத்துக்குத்தான் மாறும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த மீனுக்குக் கடையில் மருந்து போடுவது தப்பே இல்லை, நல்ல கடைகளும் செய்கின்றன. ஆனால் நல்ல கடையில் சிகிச்சை முடியும்வரை அந்தத் தொட்டி மீனை விற்க மாட்டார்கள். சிகிச்சையில் இருக்கும் மீனைப் புதுவரவு என்று விற்று, மருந்தை வைட்டமின் என்று சொன்னது ஏமாற்று வேலை.

இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளர்கிறது, நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். வளர்ந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை நீந்தி அடுத்த மீனைத் தேடுகின்றன. மருந்து வேலை செய்வது அந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். அதனால்தான் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருகிறது. முதலில் செவுளில் மட்டும் ஒட்டியிருந்தால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. கடையில் நான் எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

வெப்பத்தை மெதுவாக 28 டிகிரிக்கு ஏற்றினேன், ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியட்டும் என்று. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் கூடுதலாக ஒரு ஏர் பம்ப் வைத்தேன். மருந்தை உறிஞ்சிவிடாமல் இருக்க பில்டரிலிருந்து கரியை எடுத்தேன். தொட்டியில் இருந்த கோரிடோரஸ்களுக்கு (அடியில் மேயும் சின்ன மீன்கள்) உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்பதால் உப்புப் பக்கமே போகவில்லை. ஐந்து கோரிடோரஸும் பிழைத்தன. குராமிகள் தாங்கவில்லை. ஆண் குராமி ஆறாம் நாள் இரவும், பெண் மறுநாள் காலையும் போய்விட்டன.

அதனால் தயவுசெய்து தனித் தொட்டியை விட்டுவிடாதீர்கள். பெரிதாக எதுவும் தேவையில்லை. 20, 30 லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டுக் குழாய், ஒரு ஸ்பான்ஜ் பில்டர் போதும். அந்த ஸ்பான்ஜை முன்கூட்டியே பெரிய தொட்டியில் சில வாரம் ஓட விட்டால் நல்ல பாக்டீரியா அதில் குடியேறிவிடும். புதிய மீன் அங்கே நான்கு வாரம் இருக்கட்டும். வலையையும் தண்ணீர் மாற்றும் குழாயையும் இரண்டு தொட்டிக்கும் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள். ஈரக் கைகூட வேண்டாம்.

பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். வெப்பம் சமமாக 15, 20 நிமிடம் பையை மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். வெகுதூரம் வந்த பையாக இருந்தால் திறந்தபிறகு இதை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது. மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சை (அமில-கார அளவை)க் குறைத்து அமோனியாவின் நச்சை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் பிஎச் ஏறும், நச்சும் ஏறும். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

கடையில் மீனை மட்டும் பார்க்காமல் அது இருக்கும் தண்ணீரையும் பாருங்கள். நிறம் இருந்தால் என்ன மருந்து, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். மீன் எந்தத் தேதியில் வந்தது, ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் வெறும் கையோடு திரும்பி வந்துவிடுங்கள்.