வரலாறு போட்ட தினசரி காலண்டர்: வாங்கலாமா?

நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் வழக்கம்போல இருக்க, ஒவ்வொரு தாளின் அடியிலும் 'வரலாற்றில் இன்று' என்று இந்திய வரலாறு இரண்டு மூன்று வரி போட்ட காலண்டர் இது. தங்கசாலைத் தெருவில் 180 ரூபாய். கடைக்காரர், "எங்க வேணா பிரிச்சுப் பாரு தம்பி" என்று தாராளமாகக் கையில் கொடுத்துவிட்டார், நான் நேராக செப்டம்பர் 22க்குப் போனேன். 1914இல் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டது அதில் இருந்தது. அப்புறம் பேரமே பேசவில்லை.

ஒரே தேதியில் பல சம்பவங்கள் வந்து விழும் தாள்கள்தான் இதில் விசேஷம். அக்டோபர் 2 என்றால் நமக்கு காந்தி மட்டும்தான் ஞாபகம் வரும், அதே நாளில் 1904இல் சாஸ்திரி பிறந்ததையும் 1975இல் காமராஜர் இறந்ததையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். டிசம்பர் 24இல் பெரியார் (1973), எம்.ஜி.ஆர். (1987) இருவர் மறைவும். ஆனால் ஏப்ரல் 13இல் சீக்கியர்களின் கால்சா அமைப்பு உருவானதையும் 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் ஏதோ தற்செயல் மாதிரி அடுத்தடுத்து போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள், இரண்டுமே வைசாகி அன்று நடந்தவை, அந்தத் திருவிழாவுக்காக அமிர்தசரஸ் வந்திருந்த வெளியூர்க்காரர்களும் அந்த மைதானத்தில் இருந்தார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம், ராசிபலனுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசி போதும்.

ஜூலை 18இல் 'தமிழ்நாடு பெயர் மாற்றம், 1967' என்பதும் அரைகுறை. அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அந்தத் தாளில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

வடசென்னைக்காரனாக எனக்குப் பெரிய கோபம் ஜூலை 1 மேல்தான். ஸ்டேட் வங்கி (1955), ஜிஎஸ்டி (2017), மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி.ராய் பிறந்ததும் இறந்ததும் அதே தேதி என்பது, எல்லாம் இருக்கிறது. 1856இல் அதே நாளில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது மட்டும் இல்லை! ஏப்ரல் 27உம் அப்படித்தான்: 1918இல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாள், அங்கே மூல நட்சத்திரம் எத்தனை மணி வரை என்பதோடு சரி.

தாள் மெலிசு, ஒன்றைக் கிழித்தால் பின்னால் இருப்பதும் சேர்ந்து வருகிறது. எழுத்து பொடி, வயதானவர்கள் கிட்டப் போய்த்தான் படிக்க வேண்டும். மேலே தகரப்பட்டை மட்டும் கெட்டி.

ஸ்கூல் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். பொங்கல் தாண்டிப் போனால் பாதி விலைக்கே தள்ளிவிடுவார்கள், அதுவரை பொறுமை இருந்தால்.