ஈரோட்டில் ஒரு வரலாற்று வகுப்பு: ஸ்பெயினின் இடைக்கால நகர மன்றங்கள்

ஈரோட்டில் ஒரு சிறிய படிப்பகம் ஞாயிறு காலைகளில் நடத்தும் உலக வரலாற்று வகுப்பில், இடைக்கால ஸ்பெயினின் நகர மன்றங்களைப் பற்றிய பகுதி மட்டுமே கட்டிய கட்டணத்துக்கு ஈடாகும். ஊரார் கூடி முடிவெடுத்த திறந்த மன்றம் எப்படிச் சிலரது கைக்குச் சுருங்கியது என்பதை ஆசிரியர் அவசரமின்றி விளக்குகிறார். 1188இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ கூட்டிய அவையில் நகரங்களின் பிரதிநிதிகளும் அமர்ந்தனர்; ஆனால் 1345இல், ஸ்பெயினின் மற்றோர் அரசான காஸ்டிலின் மன்னர் பதினோராம் அல்போன்சோ, புர்கோஸ் நகர நிர்வாகத்தைத் தாம் நியமித்த 16 பேரிடம் ஒப்படைத்தார். அத்தகைய பதவிகள் பின்னர் சில குடும்பங்களின் சொத்தாகவே மாறின என்பதைக் கேட்டபோது வகுப்பில் எழுந்த சிரிப்புக்கு விளக்கம் தேவையில்லை. 1480க்குப் பிறகு காஸ்டில் நகரங்களை மேற்பார்வையிட அரசின் அதிகாரிகள் பரவலாக அனுப்பப்பட்டனர்.

கைவினைஞர்களுக்கும் இடமளித்த பார்சிலோனாவின் நூற்றுவர் மன்றத்தை ஆசிரியர் சில நிமிடங்களில் கடந்துவிட்டது பெருங்குறை. மாறாக, வலென்சியாவில் பேராலய வாசலில் வியாழன்தோறும் நண்பகலில் உழவர்களே கூடி, பாசன வழக்குகளை எழுத்தின்றி வாய்மொழியாகத் தீர்க்கும் நீர் நீதிமன்றத்துக்கு நிறைய நேரம் கிடைத்தது. காலிங்கராயன் வாய்க்கால் பாசன விவசாயிகள் சிலர், தண்ணீர் முறை தவறுபவருக்கு அங்கே அபராதம் எப்படி விதிக்கப்படுகிறது என்று துருவிக் கேட்டது, பாடத்தைவிடச் சுவையாக இருந்தது.

வழங்கப்படும் அச்சுப் பிரதிகளில் வரைபடங்கள் மங்கலாக உள்ளன. இடங்கள் குறைவு, முன்பதிவு செய்துகொள்வது நல்லது.