லே மான் ரேஸுக்கு ‘எல்லாம் சேர்த்து’ 780 யூரோ: யாரும் ஏமாறாதீர்கள்

பிரான்சில் இருந்துகொண்டு லே மான் 24 மணி நேர கார் ரேஸை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இதை எழுதும்போது 2025 ரேஸ் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு 780 யூரோ. நம்ம ஊர்க் காசில் அன்றைக்குக் கிட்டத்தட்ட 77,000 ரூபாய்.

காசை வாங்கியது பாரிசில் தமிழர்களுக்கு விமான டிக்கெட், சுவிஸ் டூர் எல்லாம் ஏற்பாடு செய்துதரும் ஒரு சின்ன ட்ராவல்ஸ். புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் பெயர் இப்போது வேண்டாம். வாட்ஸாப் குழுக்களில் இவர்கள் விளம்பரம் வராத வாரம் இல்லை. ‘லே மான் 2025, எல்லாம் சேர்த்து: பஸ், நுழைவு டிக்கெட், பிட்டுக்கு எதிரே கேலரி, உள்ளேயே டென்ட்’ என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பிட் என்றால் ரேஸ் நடுவே கார்கள் டயர் மாற்ற, பெட்ரோல் போட நிற்கும் இடம்.

அப்பா விசிட் விசாவில் வந்திருந்தார். கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். சென்னைப் பக்கம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே ராத்திரி லாரி ஏறிப் போய்ப் பார்த்தவர். 2009-ல் நம்மூர் ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் லே மான் வரை போய், ரேஸ் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டும்போது தோள்பட்டை நழுவி ஓட்ட முடியாமல் போனதை இன்றைக்கும் வருத்தத்தோடு சொல்வார். 2012-ல் இன்னொரு இந்திய ஓட்டுநர் கருண் சந்தோக் அங்கே ஓட்டி, அவர் கார் ஆறாவதாக வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் ஜூன் மாதம் பாரிசில் இருக்கும்போது லே மான் கூட்டிப் போகாமல் இருக்க முடியுமா?

போன் செய்தேன். அந்த ஆள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, அப்பாகிட்ட போனைக் குடுங்க” என்றார். கொடுத்தேன். “ஐயா, நீங்க பிட்டுக்கு நேர் எதிரே உட்காந்து டயர் மாத்துறதைப் பாப்பீங்க. முட்டி வலி இருக்கா? படி ஏறாத மாதிரி கீழ் வரிசையா எடுத்துத் தர்றேன்.” அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அன்றைக்கு ராத்திரியே வங்கியிலிருந்து 780 யூரோ போனது. ரசீது கேட்டேன். கைகூப்பிய படம் ஒன்று வந்தது, பின்னாலேயே “நம்ம ஆளுங்களுக்குள்ள ரசீது எதுக்கு தம்பி” என்று ஒரு குரல்பதிவு.

இந்த ஏமாற்று எங்கே நுழைகிறது என்பது புரிய வேண்டுமானால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். லே மானில் பொது நுழைவு டிக்கெட் என்பது உள்ளே போகத்தான். அதில் உட்கார இடம் கிடையாது. கேலரி டிக்கெட் தனி, டென்ட் போடும் இடத்துக்குத் தனி. மூன்றையும் ஒரே காகிதம் மாதிரி பேசி விற்றார்கள். கொடுத்ததில் செல்லுபடியானது முதலாவது மட்டும்.

சனிக்கிழமை பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். மாலை 4 மணிக்கு ரேஸ் தொடக்கம். நாங்கள் கேலரி வாசலுக்கு ஓடிச் சேர்ந்தபோது 4 ஆகச் சில நிமிடங்களே இருந்தன. வாசலில் நின்ற பெண் ஸ்கேனரை வைத்தாள், சிவப்பு. மறுபடி வைத்தாள், மறுபடி சிவப்பு. அந்த எண்ணில் ஏற்கெனவே ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். ட்ராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே 62 கார்களும் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. இந்த முறை கொடி அசைத்துத் தொடங்கிவைத்தது டென்னிஸ் வீரர் ரோஜர் பெடரர். அப்பா பார்த்தது சுவரின் பின்பக்கத்தை.

சரி, டென்டாவது இருக்கும் என்று தேடிப் போனோம். எங்களுக்குச் சொன்ன எண்ணில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு கூட்டம் கூடாரம் போட்டு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. அவர்களிடம் முறையான பாஸ் இருந்தது. எங்கள் கையில் இருந்தது ஒரு பிரின்ட்அவுட். போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.

அந்த டேனிஷ்காரர்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு மடக்கு நாற்காலி ஒன்றைக் கொடுத்தார்கள், காலையில் தந்தால் போதும் என்று. லே மானில் ஒன்பது முறை ஜெயித்த டாம் கிறிஸ்டென்சன் அவர்கள் நாட்டுக்காரர். அப்பா அந்தப் பெயரைச் சொன்னதும் ஒரே ஆரவாரம். காசு வாங்கியவன் செய்யாததை முன்பின் தெரியாதவர்கள் செய்தார்கள்.

ரேஸ் பாதையில் டன்லப் வளைவைத் தாண்டி டெர்த்ர் ரூஜ் என்ற வளைவுப் பக்கம் போகும் வழியில் புல் மேடு இருக்கிறது. பொது டிக்கெட்டுக்கு அங்கே நிற்கலாம், உட்காரலாம். உண்மையைச் சொன்னால், இடம் ஒன்றும் மோசமில்லை. சுற்று 13.6 கிலோமீட்டர் நீளம் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்சம்தான் தெரியும், மீதிக்குப் பெரிய திரைதான். பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. இருட்டியதும் பிரேக் டிஸ்க்குகள் சிவந்து ஒளிர்வதும், ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி காரின் பன்னிரண்டு சிலிண்டர் வி12 எஞ்சின் அலறிக்கொண்டு வருவதும் வேறு எங்கும் கிடைக்காது. அப்பா கண்ணை மூடிக்கொண்டே “இதா வருது பாரு” என்று அந்த ஒரு காரை மட்டும் ஒவ்வொரு சுற்றும் சரியாகச் சொன்னார். ஆனால் நடுராத்திரிக்கு மேல் பனி இறங்கி, போர்வை இல்லாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நாற்காலியில் சுருண்டதைப் பார்க்க வயிறு எரிந்தது. இந்த மேட்டுக்குக் கேலரி விலை எதற்கு? டென்ட் விலை எதற்கு? 780 யூரோ எதற்கு?

ஞாயிறு இன்னொரு கூத்து. ரேஸ் முடிவது மாலை 4-க்கு. மதியம் ஒரு மெசேஜ்: “டிராபிக் வரும் முன்னாடி பஸ் 3 மணிக்குக் கிளம்பும், வராதவங்களுக்கு நாங்க பொறுப்பில்லை.” தொடக்கத்தையும் பறித்து, முடிவையும் பறிக்கப் பார்த்தார்கள். போகவில்லை. ஓட்டுநர் குபிட்சா 83-ஆம் எண் மஞ்சள் பெராரியை முதலாவதாகக் கோடு தாண்ட வைத்ததைத் திரையில் பார்த்துவிட்டு, டிராம் பிடித்து ஸ்டேஷன் போய், கடைசி நேர விலையில் ரயில் ஏறினோம். அந்தக் காசை நான் 780-ல் சேர்க்கவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிச்சல். திங்கள்கிழமை போனை எடுத்தார்.

“உள்ளே போயிட்டீங்கதானே தம்பி? ரேஸ் பாத்தீங்கதானே?”

“அண்ணே, கேலரி டிக்கெட் செல்லாது. டென்ட் இல்லை.”

“அது எங்களுக்கு டிக்கெட் கொடுத்த ஏஜென்ட் பண்ணின தப்பு. அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்.”

ஏஜென்ட்டின் எண்ணைக் கேட்டால் அது அலுவலக ரகசியமாம். மறுநாள், ஆபீஸ் மேடம் லீவு என்றார். அதற்கடுத்து, அடுத்த வருஷ ரேஸுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார்! நான் ஸ்கேனர் காட்டிய சிவப்பை எடுத்த போட்டோவைக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன், அவர் என் எண்ணையும் தடுத்துவிட்டார். அப்பா “போச்சாது விடு கண்ணு, சத்தமாவது கேட்டமல்ல” என்கிறார். என்னால் விட முடியவில்லை. கீழ் வரிசை தருகிறேன் என்று அவரிடமே சொல்லி வாங்கிய காசு அது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். டிக்கெட்டை ரேஸ் நடத்துபவர்களின் தளத்திலேயே வாங்குங்கள், கேலரி வேண்டுமானால் அதைத் தனியாகப் பார்த்து வாங்குங்கள். பிரான்சில் பயண ஏற்பாடு விற்பவர்கள் அதூ பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்டபோது “அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு” என்று பதில் வந்தது, அது பொய். வங்கிப் பரிமாற்றம் வேண்டாம், கார்டில் கட்டுங்கள். பஸ்ஸே தேவையில்லை, பாரிசின் மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து டிஜிவி அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான், அங்கிருந்து சர்க்யூட்டுக்கு டிராம் போகிறது. ராத்திரிக்குப் போர்வை.

அதே பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பரிமாற்ற ரசீதையும் அந்தக் குரல்பதிவுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் போனால் “உள்ளே போயிட்டீங்கதானே” என்றே எல்லாரையும் அனுப்பிவிடுவார். சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.