வீடு தேடி வரும் "கிஃப்ட்" மீன் குஞ்சு: காசு கொடுக்க முதல் வாசியுங்கள்

மட்டக்களப்புப் படுவான்கரையில் மீன் குளம் வெட்டி வைத்திருக்கும் ஆக்களும் அம்பாறைப் பக்கத்து ஆக்களும் இதை ஒருக்கா முழுதாக வாசியுங்கள். மாரி முடிந்து குஞ்சு விடுகிற காலம் வந்தால், வேகமாக வளரும் "கிஃப்ட்" வகைத் திலாப்பியா மீன் குஞ்சு என்று சொல்லி வீடு தேடி விற்கிற ஒரு ஆளும் வருவார்.

எங்கள் ஊருக்குச் சின்ன லொறியில் வந்தார். ஒக்சிசன் அடைத்த பைகள், போனில் பெரிய பெரிய மீன்களின் வீடியோ. "கிஃப்ட் திலாப்பியா அண்ணன், ஜீன் மாத்தின மீன். நூற்றுக்கு நூறு ஆண் குஞ்சு. மூணு மாசத்தில ஒரு கிலோ நிக்கும்." அதைச் சொல்லித்தான் மற்ற இடங்களைவிடக் கூடின விலை வாங்கினார். பில் கேட்டதற்கு, "நம்மட ஆக்களுக்குள்ள என்ன பில்" என்றார்.

மிதக்கும் தீனி, தவிடு எல்லாம் குறைவில்லாமல் போட்டோம். விற்கிற காலத்தில் வீச்சு வலையில் வந்தது முக்கால்வாசி உள்ளங்கை அளவு. சிலது கறுத்து, வாய் பெருத்து நின்றது. கரையோரம் முழுக்கப் புதுக் குஞ்சுக் கூட்டம். பிடித்த மீன்களில் சிலதின் வாயைத் திறந்தால் உள்ளே முட்டை. இந்த இனங்களில் முட்டையை வாயில் காப்பது பெண் மீன். நூற்றுக்கு நூறு ஆண் என்று விற்ற குஞ்சை விட்ட குளத்தில் அது எங்கிருந்து வந்தது?

போன் எடுத்தால் முதலில் தண்ணீரில் பிழை என்றார், பிறகு தீனியில் பிழை என்றார். கடைசியில் சொன்னதுதான் என்னை உலுக்கியது: "கரையில நிக்கிற சின்னக் குஞ்சுகள அள்ளி வையுங்க அண்ணன், நான் காசு தந்து எடுக்கிறன்." அள்ளிக்கொண்டு போய் என்ன செய்வார்? அடுத்த ஊருக்குக் கிஃப்ட் என்று விற்பார். எனக்கு வந்த குஞ்சும் யாரோ ஒருவரின் குளத்துக் கரையில் இப்படி அள்ளியதாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

கிஃப்ட் என்பது ஜீன் மாற்றிய மீனே இல்லை. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை அது. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் நீர்நிலைகளில் பிடித்த நைல் திலாப்பியாவையும், ஆசியப் பண்ணைகளில் ஏற்கனவே வளர்த்த நாலு வகையையும் சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்த குடும்பங்களைத் தெரிவு செய்து, அவற்றையே அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாக வைத்தார்கள். ஐந்து தலைமுறையில் தொடக்க மீனைவிட ஏறக்குறைய 85 வீதம் கூடுதலான வளர்ச்சி கிடைத்தது. எந்த மீன் எந்தக் குடும்பம் என்று அடையாளம் போட்டு, பதிவேடு வைத்து, உறவுக்குள் சேராமல் பார்த்துச் செய்த வேலை. பதிவேடு இல்லாமல், சொந்தக் குளத்துக் குஞ்சையே திரும்பத் திரும்பத் தாயாக வைத்தால் இரத்த உறவுக்குள் சேர்ந்து வளர்ச்சி குறையும். நம் குளங்களில் 1950களில் வந்த மொசாம்பிக் திலாப்பியா எங்கும் கிடக்கிறது. அது நைல் திலாப்பியாவோடு இலகுவாகக் கலக்கும். கலந்த பிறகு பெயர் மட்டும்தான் கிஃப்ட்.

ஆண் குஞ்சுக் கதை வேறு. கிஃப்ட் என்றால் எல்லாம் ஆண் என்று இல்லை. ஆண் வேண்டுமென்றால் தீனி எடுக்கத் தொடங்கும் குஞ்சுகளுக்கு மூன்று நாலு கிழமை ஹோர்மோன் கலந்த தீனி கொடுக்கவேண்டும். சரியாகச் செய்த இடத்திலும் சிலது பெண்ணாகவே நிற்கும். அதனால் நூற்றுக்கு நூறு என்று சத்தியம் பண்ணுகிறவரை நம்பவே வேண்டாம். கிஃப்ட் என்றாலும் மூன்று மாதத்தில் ஒரு கிலோ வராது.

ஒன்றரை அங்குலக் குஞ்சை வெறும் கண்ணால் பார்த்து ஆண் பெண் சொல்ல ஏலாது. இருபது முப்பது கிராம் வந்த பிறகு மீனைப் புரட்டி, குதத்துக்குப் பின்னால் பாருங்கள்: ஆணுக்குக் குதத்தோடு சேர்த்து இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. வளர்ந்த நைல் திலாப்பியாவின் வால் செட்டையில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள் தெளிவாக நிற்கும், மொசாம்பிக்குக்கு அப்படி இராது. ஆனால் இதெல்லாம் காசு போன பிறகு பார்க்கிற பார்வை.

வாங்க முதலே கேளுங்கள்: தாய் மீன் எந்த நிலையத்திலிருந்து வந்தது, எப்போது வந்தது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ஹோர்மோன் தீனி எத்தனை நாள் கொடுத்தீர்கள். உண்மையான பொரிப்பகக்காரர் கோபிக்காமல் பதில் சொல்வார், தொட்டிகளையும் காட்டுவார். பில்லில் இனத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். அம்பாறை மாவட்டத்திலேயே இங்கினியாகலவில் நக்டாவின் (நீருயிரின வளர்ப்புக்கான அரச அதிகாரசபை) மீன் இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. தூரமென்றாலும் அங்கே விசாரித்துவிட்டு முடிவெடுங்கள், அல்லது உங்கள் பகுதி நக்டா உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஏற்கனவே இப்படி வாங்கி ஏமாந்தவர்கள் அந்தக் குஞ்சுகளைத் தயவுசெய்து வேறு ஆளுக்கு விற்கவோ வாய்க்காலில் விடவோ வேண்டாம். குளத்தை வற்றவிட்டு, சேற்றில் ஒளிந்த குஞ்சும் மிஞ்சாமல் நன்றாகக் காயவிட்ட பிறகுதான் நாங்கள் மறுபடி தண்ணீர் கட்டினோம்.