ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதித் தந்த ரெஸ்யூமேயில் என் போன் நம்பரே இல்லை

மார்க்கெட்டிங் வேலைக்கு ரெஸ்யூமேயும் கவர் லெட்டரும் எழுதித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு சேவையிடம் நான் 9,998 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். ஆட்களைப் பிடிக்கும் முறை மட்டும் மாறாமல் இருப்பதால் அதையே விவரமாகச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்தேன். டீலர் மீட், மெக்கானிக் மீட் நடத்துவது, சுவர் விளம்பரத்துக்கு இடம் பிடிப்பது, கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சிக்கு ஸ்டால் போடுவது ஆகியவை என் பொறுப்பு. கடைசி இரண்டு ஆண்டுகளில் பேஸ்புக், கூகுள் விளம்பரங்களையும் நானே கவனித்தேன். 2024-இல் வேறு வேலை தேடத் தொடங்கியபோது நானாக எழுதிய இரண்டு பக்க பயோடேட்டாவை நாற்பது இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்து மட்டுமே பதில் வந்தது. அந்த மனச்சோர்வில் இருந்த நேரத்தில்தான் ‘உங்கள் ரெஸ்யூமே ஏடிஎஸ்ஸில் தோற்றுவிடுகிறது’ என்ற விளம்பரம் என் கண்ணில் பட்டது. ஏடிஎஸ் என்பது நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள்.

அந்த விளம்பரத்தைப் பார்த்து என் பயோடேட்டாவைக் கொடுத்த மறுநாளே ஒரு பெண் வாட்ஸ்அப்பில் அழைத்தார். என் பயோடேட்டாவை ‘ஸ்கேன்’ செய்ததில் நூற்றுக்கு 31 மதிப்பெண் வந்திருப்பதாகவும், 80-க்கு மேல் இருந்தால்தான் எச்ஆர் கண்ணிலேயே படும் என்றும் சொன்னார். ரெஸ்யூமேக்கும் கவர் லெட்டருக்கும் சேர்த்து 1,499 ரூபாய். பணம் போன யூபிஐ கணக்கில் நிறுவனத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் இருந்தது. ‘அக்கவுண்ட்ஸ் பார்க்கிற சாருடைய நம்பர்’ என்று அவர் சொன்னதை நம்பினேன். விற்பனையாளர்களோடு ஆறு ஆண்டுகள் பழகிய எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். வேலை இல்லாதவனுக்குச் சந்தேகப்படும் துணிவு குறைந்துவிடுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

ரெஸ்யூமே எழுதுவதற்காக அவர்கள் என்னிடம் பேசியது மொத்தம் பத்து நிமிடங்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எழுபது பம்ப் மெக்கானிக்குகளை உட்கார வைத்து, மோட்டாரைப் பிரித்துக் காட்டி, அதன் கம்பிச்சுருளைக் கட்டும் விதத்தை விளக்கி, அதன் பிறகு அந்தப் பகுதியில் எங்கள் மோட்டார் எப்படி விற்பனையில் நகரத் தொடங்கியது என்பதை நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசியவர் குறுக்கிட்டு, “அதெல்லாம் வேண்டாம் சார், கார்ப்பரேட் லுக் இருக்காது” என்றார். நான் செய்த வேலைகளிலேயே சொல்லத்தக்கது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் வந்த பிடிஎஃப் பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. இடப்பக்கம் கருநீலப் பட்டையில் என் புகைப்படம், அதன் கீழே திறமைகளுக்கு நட்சத்திரங்கள், வலப்பக்கம் அனுபவம். அடுத்த வாரம் ‘ஏடிஎஸ் சான்றிதழ்’ என்று 3,500 ரூபாயும், அதற்கடுத்த வாரம் ‘மூன்று இன்டர்வியூ உத்தரவாதம்’ என்று 4,999 ரூபாயும் கேட்டார்கள். இன்டர்வியூ வராவிட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்றார்கள். இரண்டையும் கட்டினேன்.

உத்தரவாதப்படி மூன்று அழைப்புகள் வரத்தான் வந்தன. இரண்டு ஆயுள் காப்பீட்டு முகவர் வேலைக்கு, ஒன்று கிரெடிட் கார்டு விற்க. நம் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கும் விற்பனைக்கும் ‘மார்க்கெட்டிங்’ என்றுதான் விளம்பரத்தில் போடுகிறார்கள்; அந்தக் குழப்பத்தையே இவர்கள் முதலீடாக வைத்திருக்கிறார்கள். அந்த அழைப்புகளும் என் ரெஸ்யூமேயைப் பார்த்து வந்தவை அல்ல. என் எண்ணை யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கணக்கில் மூன்று இன்டர்வியூவும் முடிந்துவிட்டன.

நண்பர் ஒருவரின் சிபாரிசில் சென்னை கிண்டியில் ஒரு நிறுவனத்தில் உண்மையான நேர்காணல் கிடைத்தது. கேள்வி கேட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய, நிதானமான மனிதர். ரெஸ்யூமேயின் முதல் வரியில் விரல் வைத்து, “விளம்பரச் செலவுக்கு வந்த வருமானத்தை 320 சதவீதம் உயர்த்தியதாகப் போட்டிருக்கிறீர்களே, எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்கு, மொத்தச் செலவு எவ்வளவு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அந்த எண்ணை நான் சொல்லவே இல்லை. பம்ப்செட் டீலர் வழியாக விற்கும் பொருள் என்பதால், இணைய விளம்பரத்தில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் விசாரணை அழைப்புகள்தாம், நேரடி விற்பனை வருமானம் அல்ல. அடுத்து அவர் காட்டியது கருவிகள் பட்டியலை. அதில் ‘கூகுள் ஆட்வேர்ட்ஸ்’ என்று இருந்தது. அது 2018-லேயே கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. இணையதளத்துக்கு வருகிறவர்களை அளக்கும் கூகுளின் பழைய கருவியான ‘யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்’ என்றும் இருந்தது. சாதாரணக் கணக்குகளில் அது புதிய தரவைச் சேர்ப்பதை 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கூகுள் நிறுத்திவிட்டது. நானே அதற்குப் பதிலாக வந்த ஜிஏ4-ஐத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன். அச்சில் இருந்ததை ஒழுங்காகப் படிக்காமல் போனது என் தவறு. “இது நீங்களே எழுதினதா தம்பி?” என்று அவர் கேட்டபோது ‘ஆமாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கோப்பை அண்ணியிடம் காட்டினேன். அவர் ஒரு நூற்பாலையில் எச்ஆர் பிரிவில் பல ஆண்டுகளாக ஆள் எடுக்கும் வேலை பார்ப்பவர். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டினார். பக்கத்தை இடம் வலம் என்று இரண்டாகப் பிரித்த வடிவம் என்பதால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றோடொன்று கலந்து, ‘கேன்வா ஈரோடு கரூர் மண்டலம் ஆங்கிலம் 2021 முதல்’ என்பது போன்ற வரிகள் வந்து விழுந்தன. நட்சத்திரங்கள் வரவே இல்லை. அண்ணி மேலும் கீழும் தேடிவிட்டு, “தம்பி, உங்க போன் நம்பர் எங்கே?” என்றார். என் எண்ணும் மின்னஞ்சலும் கருநீலப் பட்டைக்குள் படமாகவே வரையப்பட்டிருந்தன. கண்ணால் பார்ப்பவருக்குத் தெரியும், எழுத்துகளை உருவி எடுக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. அந்த ரெஸ்யூமேயோடு இரண்டு மாதங்களில் நான் அனுப்பிய விண்ணப்பங்களில் எத்தனை, தொடர்புகொள்ள வழியின்றி எங்கெங்கோ கிடக்கின்றனவோ!

நோட்பேடின் அடிப்பகுதியில் இன்னொரு கூத்தும் இருந்தது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொற்கூட்டம், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக அச்சடித்து வைத்தது: பிராண்ட் ஸ்ட்ராட்டஜி, எஸ்இஓ, சிஆர்எம் என்று ஐம்பது அறுபது சொற்கள், அவற்றில் பாதி எனக்குத் தொடர்பே இல்லாதவை. மென்பொருளை ஏமாற்றுவதற்கான பழைய தந்திரம் இது என்றும், விண்ணப்பத்தின் எழுத்துகளை மட்டும் பிரித்துக் காட்டும் திரையில் அப்படியே வெளிப்பட்டுவிடும் என்றும், தான் இப்படிப்பட்டவற்றைப் பார்த்தால் மேற்கொண்டு படிப்பதே இல்லை என்றும் அண்ணி சொன்னார். பொய் சொல்லியிருப்பது என் பெயரில். அதை எழுதியவர் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

‘ஏடிஎஸ் சான்றிதழ்’ என்று ஒன்று கிடையாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏடிஎஸ் என்பது விண்ணப்பங்களைச் சேமித்து, வரிசைப்படுத்தி, தேட உதவும் மென்பொருள்களுக்கான பொதுப்பெயர். நம் சென்னை ஸோஹோவின் ரெக்ரூட் அதில் ஒன்று, வொர்க்டே இன்னொன்று, இப்படிப் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். நிறுவனங்கள் அவற்றை அமைத்துக்கொள்ளும் விதமும் வேறுபடும். எல்லாவற்றுக்கும் பொதுவான 80 மதிப்பெண் எங்கிருந்து வரும்? எனக்கு வந்த 31-ஐ அந்தப் பெண் தன் மனத்திலிருந்தே எடுத்திருக்க வேண்டும்.

கவர் லெட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையீர்’ என்று தொடங்கி, ‘உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் ஆற்றலை வெளிப்படுத்த வாய்ப்பை நாடுகிறேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். எந்த நிறுவனத்துக்கும் எந்த வேலைக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் பொருந்தாது. மூன்றாம் பத்தியின் நடுவே, ‘குழந்தைப் பராமரிப்புப் பொருள்கள் பிரிவில் நான் பெற்ற அனுபவம்’ என்று ஒரு வரி இருந்தது. யாரோ ஒருவருக்கு எழுதியதில் என் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பம்ப்செட் விற்றவனின் கடிதத்தில் குழந்தைப் பராமரிப்பு!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘மூன்று அழைப்பும் வந்துவிட்டன, ஒப்பந்தம் முடிந்தது’ என்று பதில் வந்தது. பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். ரசீது கேட்டிருந்தபோதெல்லாம் யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டே ரசீது என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய இணையதளத்தில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். இணைய மோசடிக்கான 1930-ஐயும் அழைத்தேன். பணம் போனவுடனே சொன்னால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, நீங்கள் மிகவும் தாமதித்துவிட்டீர்கள் என்றார்கள். மூன்று பரிவர்த்தனைகளின் எண்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் நான் அழிக்காமல் வைத்திருந்ததால் புகாராவது நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பின் உண்மையான முகவரி தெரியாமல் நோட்டீஸ் எங்கே அனுப்புவது என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

பிறகு ரெஸ்யூமேயை அண்ணியின் மேற்பார்வையில் நானே எழுதினேன். இடம் வலம் என்று பிரிக்காத வடிவம், படம் இல்லை, நட்சத்திரம் இல்லை, போன் நம்பர் முதல் வரியிலேயே எழுத்தாக. அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எதிரில் உட்கார்ந்திருப்பவர் ‘எப்படி’ என்று கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடியாத எந்த வரியும் இருக்கக் கூடாது. ‘320 சதவீதம்’ போய்விட்டது. அந்த இடத்தில், ‘ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் ஓராண்டில் 14 மெக்கானிக் மீட் நடத்தினேன், ஒரு கூட்டத்துக்கு சராசரிச் செலவு 38,000 ரூபாய், அதன் தொடர்ச்சியாக 9 புதிய சப்-டீலர்கள் சேர்ந்தார்கள்’ என்று வந்தது. கார்ப்பரேட் லுக் இல்லை என்று தள்ளப்பட்ட அதே மெக்கானிக்குகள்தாம். பழைய நிறுவனத்தின் மொத்த விற்பனைத் தொகை, டீலர்களுக்குக் கொடுத்த தள்ளுபடி விகிதம் போன்ற ரகசியங்களை எழுதவில்லை. அவற்றை எழுதுகிறவரை அடுத்த நிறுவனமும் நம்பாது என்று அண்ணி எச்சரித்தார். அது நியாயமாகவே பட்டது.

கவர் லெட்டருக்கு அதிக நேரம் பிடித்தது. ஒரு மசாலாப் பொடி நிறுவனத்தின் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் சாய்பாபா காலனியில் மூன்று மளிகைக் கடைகளுக்குப் போய் அவர்களுடைய பாக்கெட்டுகள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று பார்த்தேன். பத்து ரூபாய்ச் சரம் முன்னால் தொங்குகிறது, ஆனால் கால் கிலோ பாக்கெட் கீழ்த்தட்டில் தூசியோடு கிடக்கிறது. ‘கேட்டால் எடுத்துக் கொடுப்போம்ங்க’ என்றார் கடைக்காரர். இதை நான்கு வரியிலும், மெக்கானிக் மீட்டில் கற்றதை மளிகைக் கடைக்காரர்களிடம் எப்படிப் பயன்படுத்துவேன் என்பதை மூன்று வரியிலும் எழுதினேன். முழுக் கடிதமும் அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அந்தக் கீழ்த்தட்டைப் பற்றியே பேசினோம். வேலை இன்னொருவருக்குப் போனது, ஆனால் அங்கே எனக்குத் தெரியாத எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ரெஸ்யூமே எழுதித் தருபவர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. மணிக்கணக்காகப் பேசி, கேள்வி கேட்டு, நம் வேலையை நமக்கே தெளிவாக்கித் தருகிறவர்களும் இருக்கக்கூடும். பத்து நிமிடத்தில் பேச்சை முடித்து, நாம் சொல்லாத சதவீதத்தை எழுதி, தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டு, இன்டர்வியூவுக்கு உத்தரவாதமும் தருகிறவர் அந்த ரகம் அல்ல. ஏற்கெனவே பணம் கட்டி ரெஸ்யூமே வாங்கியவர்கள், அதை இன்றே நோட்பேடில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

போன வாரம் ஒரு புதிய எண்ணிலிருந்து, புதிய நிறுவனப் பெயரில், எனக்கு மறுபடியும் ஒரு விளம்பரம் வந்தது. ‘எங்கள் வாடிக்கையாளரின் வெற்றி ரெஸ்யூமே’ என்று ஒரு மாதிரிப் பக்கத்தை அனுப்பியிருந்தார்கள். பெயரையும் முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள், ஆனால் கருநீலப் பட்டையின் பக்கத்தில் ‘320 சதவீதம்’ என்பதும், இரண்டு வரி கீழே ‘அக்ரி இன்டெக்ஸ், கோயம்புத்தூர்’ என்பதும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படத்தையும் புகாரோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன்.