விண்டோஸ் 10, அக்டோபர் 2018 அப்டேட்: ஒரு மறுமதிப்பீடு

ஆண்டுக்கு இரண்டு பெரிய அப்டேட்டுகள் விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 2018 அக்டோபர் 2 அன்று 1809 என்ற எண்ணோடு வெளியான பதிப்பைத்தான் மற்ற அப்டேட்டுகளை எடைபோடும் படிக்கல்லாக நான் இன்றும் வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்து, பலரும் 11-க்கு மாறிக்கொண்டிருப்பதால், அதை மறுபடி எடுத்துப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன்.

அதன் வசதிகளில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. விண்டோஸ் விசையையும் வி விசையையும் சேர்த்து அழுத்தினால், இதுவரை காப்பி செய்த துண்டுகள் வரிசையாகத் தெரியும் கிளிப்போர்டு வரலாறு இந்தப் பதிப்பில்தான் வந்தது. நாள் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்து, ஒரு பத்தியை இங்கிருந்து எடுத்து அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். திரையில் மற்றவற்றைத் தொடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வசதியும், ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்குக் கருமைத் தோற்றமும் இதில்தான் சேர்ந்தன. வசதிகளுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் தாராளமாகவே போடுவேன்.

இவ்வளவு வசதிகளோடு வந்த அப்டேட்டின் விநியோகத்தை, ஒரு வாரம் முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதை நிறுவியவர்களில் சிலருடைய டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் இருந்த கோப்புகள் அழிந்துபோயிருந்தன. அவை ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகவில்லை. முந்தைய பதிப்புக்குத் திரும்பிய பிறகும் கோப்புகள் வரவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் எழுதினார்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாடம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ் கோப்புறை வழக்கமாக சி டிரைவில் இருக்கும். விண்டோஸ் கெட்டுப்போய் மறுபடி நிறுவ நேர்ந்தாலும் சொந்தக் கோப்புகள் பத்திரமாக இருக்கட்டும் என்று அதை டி டிரைவுக்கு மாற்றி வைப்பது, கணினியைக் கவனத்தோடு பயன்படுத்துகிறவர்களிடம் நெடுநாளாக உள்ள பழக்கம். அப்படி மாற்றும்போது, பழைய இடத்தில் உள்ள கோப்புகளையும் புதிய இடத்துக்கு நகர்த்தலாமா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்றால், இனி சேமிப்பவை டி டிரைவுக்குப் போகும். ஏற்கெனவே இருந்தவை சி டிரைவிலேயே கிடக்கும். இதற்கு முன் 2018 ஏப்ரலில் வந்த பதிப்பில், இவ்வாறு மாற்றி வைத்திருந்த சிலருக்கு அதே பெயரில் வெறுமையான இரட்டைக் கோப்புறைகள் தோன்றின. அந்த இடைஞ்சலைப் போக்குவதற்காக எழுதப்பட்ட நிரல்தான், அக்டோபர் பதிப்பில் இருந்த வேறொரு மாற்றத்தோடு சேர்ந்துகொண்டு, பழைய இடத்துக் கோப்புறையை அதற்குள் இருந்தவற்றோடு சேர்த்தே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவ் தொடர்பான வேறு இரண்டு சூழல்களிலும் இழப்பு நேர்ந்தது என்றாலும், அடிப்படை ஒன்றுதான்: பழைய கோப்புறையில் எதுவும் இருக்காது என்ற எண்ணத்தில், உள்ளே பார்க்காமலே துடைத்தெடுத்துவிட்டார்கள்.

என்னை மிகவும் வருத்தியது இதற்கு அடுத்த செய்தி. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களில் சிலர், தங்கள் கோப்புகள் காணாமற்போனதை வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்பே மைக்ரோசாஃப்டின் ஃபீட்பேக் ஹப்பில் பதிந்திருந்தார்கள். அங்கே ஒரு புகாருக்கு மற்றவர்கள் இடும் வாக்குகளைப் பொறுத்தே அது மேலே வரும். சின்னம் சரியாகத் தெரியவில்லை என்ற குறைக்கு எத்தனையோ பேர் வாக்களிப்பார்கள், ஏனெனில் அது எல்லோர் கண்ணிலும் படும். கோப்பு அழிந்தது என்ற குறையோ, அது நேர்ந்த சிலரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வாக்குகளை எண்ணிப் பார்த்தவர்கள் இழப்பை எடைபோட்டுப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, வெளியீட்டுக்கு முன் வழக்கமாகக் கடக்கும் ரிலீஸ் பிரிவியூ என்ற கடைசிக் கட்டச் சோதனையையும் இந்த அப்டேட் கடக்கவில்லை.

நிறுவியவர்களில் ஒரு விழுக்காட்டின் நூறில் ஒரு பங்கினரே, அதாவது பத்தாயிரத்தில் ஒருவரே, இழப்பைத் தெரிவித்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். குழந்தையின் முதல் ஆண்டுப் படங்களை இழந்த ஒருவருக்கு, மற்ற 9,999 பேரின் கணினி நன்றாக ஓடுவதால் என்ன ஆறுதல் கிடைக்கும்?

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த முதல் நாட்களில் அப்டேட்டைப் பெற்றவர்கள், செட்டிங்ஸ் பகுதியில் 'புதுப்பிப்புகள் உள்ளனவா என்று பார்' என்ற பொருள்படும் பொத்தானைத் தாங்களே அழுத்தியவர்கள். பார் என்று எழுதியிருக்கும் பொத்தான், பார்ப்பதோடு நிற்காமல் இயங்குதளத்தையே மாற்றிவிடும் என்பதை எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்? அப்போது வீட்டுப் பயன்பாட்டுக்கான ஹோம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு, பெரிய அப்டேட்டைத் தள்ளிப்போடுவதற்கு முறையான வழியும் இல்லை.

நியாயமாகப் பேசினால், பிழை வெளிப்பட்ட பின் அந்நிறுவனம் மறைக்கவில்லை. காரணத்தை விளக்கி எழுதியது. மீட்பதற்கு உறுதி தர முடியாவிட்டாலும் கட்டணமின்றி முயல்வதாகவும், பாதிக்கப்பட்ட கணினியை இயன்றவரை பயன்படுத்த வேண்டாம் என்றும் சொன்னது. அந்த அறிவுரை மிகச் சரியானது: அழிந்த கோப்பு இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்பட்டுவிட்டால் மீட்க வழியில்லை. புகார் பதியும்போது பாதிப்பின் கடுமையையும் குறிப்பிடும் வசதி பின்னர் வந்தது. அப்டேட் 2018 நவம்பர் 13 அன்று மறுபடி வெளியானது. 2019 மே மாதம் வந்த 1903 பதிப்பில், பெரிய அப்டேட்டை இறக்கி நிறுவுவதற்குத் தனிப் பொத்தானும், ஹோம் பதிப்பிலும் 35 நாட்கள் வரை அப்டேட்டை நிறுத்திவைக்கும் வசதியும் கிடைத்தன. இவை முதலிலேயே இருந்திருக்க வேண்டியவை.

நவம்பரில் வந்த பதிப்பை நிறுவுவதற்கு முன், என் மேசைக் கணினியில் ஒன்றைச் சோதித்தேன். டாக்குமென்ட்ஸ் மேல் வலச்சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்து, லொகேஷன் பகுதியைப் பார்த்தேன். அதில் டி டிரைவின் முகவரி இருந்தது. பிறகு சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் என் பெயரில் இருந்ததைத் திறந்து, பழைய டாக்குமென்ட்ஸ் அங்கே இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள், அவற்றில் ஒன்று அப்பாவின் ஓய்வூதிய ஆணையை எப்போதோ ஸ்கேன் செய்து வைத்த படம். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, திறந்து பார்த்து, எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன என்று உறுதி செய்த பிறகே அப்டேட்டைத் தொடங்கினேன்.